ஊற்றடி மாடன் மலையேறாத வருஷம்

கீழச்செம்பூரில் ஒரு பங்குனிக் கொடைவிழாவில், சாமியாடும் கோமரத்தாடி கொம்பையாவின் மேல் இறங்கிய ஊற்றடி மாடன், கேட்டவர்களுக்கெல்லாம் வாக்குச் சொல்லி, திருநீறு அள்ளிக் கொடுத்து, பானகம் குடித்து, ஊர் கற்பூரம் காட்டி வழியனுப்பிய பிறகும் மலையேறாமல் அங்கேயே இருந்துவிட்டது. இதை ஊர் உடனே கவனிக்கவில்லை, ஏனென்றால் கொடை முடிகிற நேரத்தில் ஊருக்குச் சாமியைவிடச் சாப்பாட்டுப் பந்தி முக்கியமாக இருந்தது, பந்தியில் யார் யாருக்கு முன்னால் உட்கார்ந்தார்கள் என்பது சாப்பாட்டைவிட முக்கியமாக இருந்தது.

அந்தப் பக்கத்தில் சாமி இறங்குவதும் மலையேறுவதும் பேருந்து வருவதும் போவதும் போன்ற காரியங்கள். மேளம் முறுகும், சல்லடம் கட்டி நிற்கிறவனின் உடம்பு குலுங்கும், வந்திருப்பது யார் என்று ஊர் கேட்கும், சாமி பெயர் சொல்லும், குறை கேட்கும், அதட்டும், நான் போகிறேன் என்று சொல்லும், கற்பூரம் அணைகிறபோது உடம்பு காலிச் சாக்கைப்போலச் சரியும். அப்புறம் கோமரத்தாடியின் மனைவி முகத்தில் தண்ணீர் தெளிப்பாள், அவன் கண் விழிப்பான், நடந்தது எதுவும் அவனுக்கு நினைவிருக்காது. கொம்பையா கண் விழித்ததும் ஒவ்வொரு வருஷமும் ஒரே கேள்வியைத்தான் கேட்பான்: “ஏளா, சோடா இருக்கா?” அதற்காக அவன் மனைவி உலகம்மாள் ஒரு கோலிசோடாவை ஈரத்துணியில் சுற்றிப் பந்தலுக்குப் பின்னால் தயாராக வைத்திருப்பாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் கணவன் அவளிடம் தவறாமல் கேட்டு, தவறாமல் பெற்றுக்கொண்ட ஒரே பொருள் அதுவாகத்தான் இருக்கும்.

அந்த வருஷம் அவன் கண் விழித்தபோது சோடா கேட்கவில்லை. இன்னொருவர் சட்டையைப் போட்டுப் பார்க்கிறவனைப்போல வலது தோளைத் தடவிக்கொண்டு, “இது என்ன?” என்று கேட்டான்.

“எது?”

“இங்க. இதுக்குள்ள.”

“வலி,” என்றாள் உலகம்மாள்.

“இதுதானா அது,” என்றது சாமி.

அவள் சோடாப் பாட்டிலைத் துணி மாற்றாமல் வீட்டுக்கு எடுத்துப்போய் அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்தாள். அழவில்லை. அழுவதென்றால் முதலில் யாரை இழந்தோம் என்று தெரிய வேண்டும். அவளுக்கு அது இன்னும் சரியாகத் தெரியவில்லை.

விடிந்ததும் செய்தி பரவியது. பஞ்சாயத்துத் தலைவர் தங்கப்பழம் மாலையோடு வந்தார். பின்னால் வடக்குத்தெரு முழுவதும் வந்தது. சாமி முற்றத்தில் பழைய சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தது. தங்கப்பழம் வரம் கேட்டார். அவருடைய தென்னந்தோப்பின் ஆழ்துளைக் கிணறு வற்றியிருந்தது. சாமி கையைக் கழுவிவிட்டு, தான் எதையும் கொண்டுவரவில்லை என்றும், வருகிற வாசல் குறுகலானது, ஆள் வரலாம், சுமை வர முடியாது என்றும் சொன்னது. மழையாவது பெய்விக்கக்கூடாதா என்று கேட்டதற்கு, அது வேறு ஆள் பார்க்கிற வேலை என்றது. அலுவலகங்களில் இதே பதிலைக் கேட்டுப் பழகியிருந்ததால் யாரும் கோபப்படவில்லை. கொண்டுவந்த மாலையைத் திருப்பி எடுத்துப் போவது முறையல்ல என்பதால் ஆணியில் மாட்டிவிட்டுப் போனார்கள்.

அதற்குள் தெருக்குழாய்களில் பெண்கள் குடங்களோடு நின்றுவிட்டார்கள். கொம்பையா ஊரின் மேல்நிலைத் தொட்டி ஆபரேட்டர். கொடைக்குக் கொடை சாமியாடுவது அவன் பரம்பரை உரிமை. மற்ற நாளெல்லாம் தொட்டியடியில் குழிக்குள் இருக்கும் வால்வுகளை ஆளுயர இரும்புச் சாவியால் திருப்பித் திருப்பித் தெருக்களுக்குத் தண்ணீர் விடுவது அவன் பிழைப்பு. வலது தோள் அந்தச் சாவியால்தான் போனது. உலகம்மாள் மூலையில் கிடந்த சாவியை எடுத்துச் சாமியின் கையில் கொடுத்தாள். “சாமியா இருந்தா என்ன, யாரா இருந்தா என்ன, தெருவுக்குத் தண்ணி போகணும்லா,” என்றாள். நேற்று வரை கணவனை ‘நீங்க’ என்று அழைத்தவள், சாமிக்கு உரிய முறைப்படி இப்போது ‘நீ’ என்று அழைத்தாள். தெருவே கேட்க, அந்த முகத்தைப் பார்த்து அப்படி அழைப்பதில் ஒரு சின்ன சுகம் இருந்ததை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

வால்வுகள் மூன்று. ஒன்று வடக்குத்தெருவுக்கு, ஒன்று நடுத்தெருவுக்கு, ஒன்று ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கிற காலனிக்கு. காலனியின் வால்வைப் பாதிக்கு மேல் திருப்பக்கூடாது என்று எந்தக் காகிதத்திலும் எழுதியிருக்கவில்லை. எழுதாத சட்டங்களைத்தான் ஊர் கண்ணும் கருத்துமாகக் காக்கும். கொம்பையாவும் காத்தான். அவன் கெட்டவனல்ல. கெட்டவனாக இருப்பதற்கு வேண்டிய உற்சாகம்கூட அவனிடம் இல்லை. நிறுத்து என்ற இடத்தில் கையை நிறுத்தினான், அவ்வளவுதான். சாமியிடம் யாரும் அந்தச் சட்டத்தைச் சொல்லவில்லை, சொல்ல வெட்கப்பட்டார்கள். ஆகவே சாமி மூன்றையும் முழுக்கத் திறந்தது. சாமி திறந்ததால் தொட்டி பெரிதாகிவிடவில்லை. காலனியில் குடங்கள் நிறைந்து பானைகள் நிறைந்து சின்னப் பிள்ளைகள் குளித்தார்கள். வடக்குத்தெருவில் கடைசி வீடுகளின் குழாய்களில் காற்றுதான் வந்தது.

இப்படியாகச் சாமி ஊரோடு ஒன்றானது. காலையும் மாலையும் வால்வு திறந்தது. ரேஷன் கடை வரிசையில் நின்றது. நிற்கும்போது முதல் சில வாரம் வரிசை விலகி வழிவிட்டது, பிறகு விடவில்லை. கும்பிட்டவர்கள் தலையசைத்தார்கள், தலையசைத்தவர்கள் பார்க்காமல் போனார்கள். ஆனால் ஒரு விஷயம் மட்டும் ஊரை உறுத்திக்கொண்டே இருந்தது. தெய்வம் இறங்கி வருவதென்றால் ஒரு காரணம் வேண்டும், காரணமென்றால் ஓர் அசுரன் வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். அவனை முடித்துவிட்டால் சாமி போய்விடும், ஆகவே அவன் யார் என்று முடிவு செய்ய ஊர்க்கூட்டம் போட்டார்கள். ஒவ்வொருவரும் எழுந்து தன் பங்காளியின் பெயரைச் சொன்னார்கள். பொதுவாக ஒரு பெயர்கூடத் தேறவில்லை. சாமியைக் கேட்டபோது, அப்படி யாரையும் தேடி வந்ததாகத் தனக்கு நினைவில்லை என்றும், கையில் ஈட்டியோ வல்லயமோ இல்லை, வால்வுச் சாவிதான் இருக்கிறது என்றும் சொல்லி, நேரமாகிவிட்டதென்று தொட்டியடிக்குப் போய்விட்டது.

அப்போதுதான் தங்கப்பழம் டவுனிலிருந்து அனந்தாழ்வானைக் காரில் அழைத்துவந்தார். அனந்தாழ்வான் சாத்திரங்கள் கற்றவர், நல்ல குரல் உள்ளவர், சபை பெரிதானாலும் சிறிதானாலும் ஒரே நீளத்துக்குப் பேசக்கூடியவர். சாவடியில் நாற்காலி போட்டு, ஒலிபெருக்கி வைத்து, அவர் விளக்கினார்: அவதாரம் என்றால் இறங்குதல். நாமெல்லாம் பிறப்பது வினையால்; வேண்டும் வேண்டாம் என்று சொல்ல நமக்கு இடமில்லை, வினை தூக்கிப் போட்ட இடத்தில் விழுகிறோம். இறைவன் வருவது தன் விருப்பத்தால், நம்மீது கொண்ட இரக்கத்தால். ஆகவே அந்தத் திருமேனி நம் உடம்பைப் போன்றதல்ல. அதற்குப் பசியில்லை, நோயில்லை, களைப்பில்லை. பசிப்பதுபோலவும் களைப்பதுபோலவும் காட்டுவது லீலை. குழந்தையோடு விளையாடுகிற தகப்பன் நொண்டி நடப்பதைப் போன்றது.

சாவடித் தூணோரம் உட்கார்ந்து வேப்பங்கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்த உலகம்மாள் எழுந்து நின்றாள்.

“அப்ப காட்டுல சீதையத் தொலச்சிட்டு ராமர் அழுதது?”

“அதுவும் பாவனைதான் அம்மா. மனித தர்மத்தைக் காட்ட பெருமாள் நடித்துக் காட்டினார்.”

“அவளுக்குத் தெரியுமா, ஐயா? நடிப்புன்னு?”

அனந்தாழ்வான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உரை எழுதியவர்கள் ஆண்கள் என்பதால் அவர் கற்ற நூல்களில் இந்தக் கேள்விக்குப் பதில் இருக்கவில்லை. கூட்டத்தில் யாரோ, எதற்கு இங்கே அடித்துக்கொள்ள வேண்டும், ஆளையே கேட்டுவிடலாமே என்று சொல்ல, எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சாமி சாவடியின் மறுகோடியில் இலை போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. தங்கப்பழம் பணிவாக நெருங்கி, இந்தப் பசி நிஜமா, பாவனையா என்று கேட்டார்.

சாமி இலையை வழித்தது. “தெரியல,” என்றது. “ஆனா சோறு தீந்துபோச்சு. இன்னும் கொஞ்சம் இருக்கா?”

அனந்தாழ்வான் பெரிய மனிதர். அதுவும் லீலைதான் என்று சொல்லி முடித்துக்கொண்டு, சாமியை விழுந்து கும்பிட்டுவிட்டு, காரில் ஏறிப் போனார்.

அன்று பொழுது சாயும் நேரத்தில் உலகம்மாள் நல்லெண்ணெயைச் சூடாக்கிக் கிண்ணத்தில் ஊற்றி, சாமியின் தோளில் தேய்த்தாள். இத்தனை வருஷமாகக் கணவனுக்குத் தேய்த்த இடம். எலும்புக்குக் கீழே கட்டைவிரல் தானாகப் போய் நிற்கும். அழுத்தியபோது சாமி பல்லைக் கடித்தது. அதில் நடிப்பு எதுவும் இருக்கவில்லை. நடிக்கிறவர்கள் முகத்தைப் பிறர் பார்க்கும்படி வைத்துக்கொள்வார்கள். இது சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டது.

“கொட்டு அடிச்சு, பொங்கல் வச்சு, எல்லாரும் எங்கிட்ட அசதியா இருக்கு சாமின்னு சொல்லுவிய,” என்றது சாமி. “நான் அது ஒரு சொல்லுன்னு நெனச்சேன்.”

அவள் தேய்ப்பதை நிறுத்தவில்லை. இத்தனை நாளும் கேட்காமல் வைத்திருந்ததை அப்போது கேட்டாள்.

“அவுக எங்க?”

“மேல போயிட்டான்.”

“செத்துட்டாகளா?”

“இல்ல. கற்பூரம் காட்டுனப்ப ரெண்டு பேரும் வாசல்ல நின்னோம். நான் காலத் தூக்கினேன். நீ இரு சாமி, நான் ஒரு எட்டு பாத்துட்டு வாரேன்னான். போயிட்டான்.”

“நீ விட்டியா?”

“மொகத்தப் பாத்தேன்,” என்றது சாமி. “விட்டுட்டேன்.”

உலகம்மாளுக்கு அந்த முகம் தெரியும். வேலைக்குப் போகிற முகமும் அதுதான், வருகிற முகமும் அதுதான். அவளுக்கும் அதே முகம்தான். அவளுக்காக எந்த வாசலிலும் யாரும் ஒதுங்கி நிற்கவில்லை. அதை நினைத்தபோது வந்த கோபத்தில் அவள் எண்ணெய்க் கிண்ணத்தைச் சற்றுப் பலமாகவே கீழே வைத்தாள்.

“எப்ப வருவாக?”

“எனக்குத் தெரியாது. இது வரைக்கும் அவன் வினைதான் அவன இழுத்துட்டு வந்துச்சு. உன்னையும் அவனையும் ஒரு வீட்டுல போட்டதும் அதுதான். வாசலத் தாண்டிட்டான், இனி அது இழுக்காது. வரணும்னு அவனுக்கே தோணுனாத்தான் வரமுடியும்.”

“சாமி மாதிரி,” என்றாள் அவள்.

“ஆமா,” என்றது சாமி. “எங்கள மாதிரி.”

அடுத்த வீட்டுச் செல்லக்கனி இதையெல்லாம் கேள்விப்பட்டு, வந்தவரைக்கும் இருக்கட்டும் என்று விட்டுவிடச் சொன்னாள். குடிக்காத, கை ஓங்காத, தின்ற தட்டைத் தானே கழுவி வைக்கிற ஓர் ஆண்பிள்ளை அந்தத் தெருவில் இதற்குமுன் குடியிருந்ததில்லை என்றும், தன் வீட்டுக்காரருக்குப் பதிலாக ஒரு சாமி வந்து மாட்டியிருந்தால் வாசலைச் சாத்திப் பூட்டுப் போட்டிருப்பேன் என்றும் சொன்னாள். உலகம்மாள் சிரித்தாள். கொம்பையா கை ஓங்கியதில்லை. ஆனால் தட்டையும் கழுவியதில்லை. சாமி எல்லாம் செய்தது. அடுப்பை மூட்டியது, அவளுக்குக் காய்ச்சல் வந்தபோது கஞ்சி வைத்தது, கோயம்புத்தூர் மில்லிலிருந்து மகள் போன் செய்தால் பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டது. அவளுக்கு அதில்தான் மூச்சு முட்டியது. “எல்லாருக்கும் பாக்குத மாதிரி எனக்கும் பாக்குது, மைனி,” என்றாள். “எரக்கப்பட்டு இருக்கவன்கூட எப்படிக் குடும்பம் நடத்த? ஒரு சண்டை போட முடியுதா?” கொம்பையாவும் தன் விருப்பத்தால் வந்தவனல்ல, ஊரும் உறவும் பேசிவைத்துக் கட்டி வைத்தவன்தான். இப்போது முதல் முறையாக அவனால் வராமலிருக்க முடியும். வருவானா என்பது ஒன்றுதான் அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது. தெரிந்துகொள்ள அவளுக்குப் பயமாகவும் இருந்தது.

தை பிறந்தபோது சாமிக்கு இருமல் வந்தது. மாசியில் சாவியைத் தூக்கி நிமிர்த்த இரண்டு முறை மூச்சு வாங்க வேண்டியிருந்தது. இந்த உடம்பு இன்னொரு வெயில் காலத்தைத் தாங்காது என்றும், உடம்பு விழுந்தால் தான் போய்விடுவதில் சிரமமில்லை, ஆனால் அவன் திரும்பி வர வாசல் இருக்காது என்றும் சாமி உலகம்மாளிடம் சொன்னது. சொல்லிவிட்டு, அவளுடைய முகத்தைப் பார்த்து, அவளை ஆறுதல்படுத்த ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டது. வேண்டாம் என்றாள்.

அவள் நேராகத் தங்கப்பழத்தின் வீட்டுக்குப் போய், இந்தப் பங்குனியில் கொடை நடத்த வேண்டும், மேளம் வேண்டும், வில்லுப்பாட்டு வேண்டும், சாமியைக் கூப்பிட அல்ல, என் வீட்டுக்காரரைக் கூப்பிட என்று சொன்னாள். சாமி ஊரில் இருக்கும்போது கொடை எதற்கு என்று வரி பிரிப்பதைக்கூட நிறுத்திவைத்திருந்தார்கள். மனுஷனைக் கூப்பிட்டு மேளம் அடித்தால் சுற்றுப்பட்டி சிரிக்கும் என்று ஊர்க்கூட்டத்தில் சிலர் இழுத்தார்கள். அப்போது வடக்குத்தெருவின் கடைசி வீட்டுக்காரர் ஒருவர் எழுந்து, போன கோடை முழுவதும் தன் குழாயில் காற்று மட்டுமே வந்ததை நினைவூட்டினார். அதற்குப் பிறகு யாரும் எதிர்த்துப் பேசவில்லை. “சாமி சாமியா இருக்கட்டும், வேண்டாங்கல,” என்றார் தங்கப்பழம். “வால்வுக்கு நம்ம ஆள் வேணும்.”

இப்படித்தான் அந்த ஊர் ஒரு மனிதன் திரும்பி வரவேண்டும் என்று ஒருமனதாக முடிவு செய்தது. உலகம்மாளுக்கு அவர்கள் கணக்கு புரியாமலில்லை. மறுநாள் ஓடைப் பக்கம் சுள்ளி பொறுக்கும்போது காலனியைச் சேர்ந்த சந்தனமாரி எதிரே வந்தாள். அவள் சண்டைக்கு வரவில்லை. சண்டை போட அவளுக்கும் தெம்பில்லை. “ஓம் புருசன் வரட்டும்க்கா, வரவேண்டாம்னு எப்படிச் சொல்ல?” என்றாள். “நாங்க அதுக்குள்ள பானையெல்லாம் நெறச்சு வச்சிக்கிடுதோம்.” உலகம்மாள் சுள்ளிக்கட்டைத் தலைக்குத் தூக்கினாள். அதைவிடக் கனமாக அவள் எதையும் அன்றுவரை தூக்கியதில்லை.

பங்குனி வந்தது, மதியக் கொடைக்கு எல்லாம் தயாரானது. ஊற்றடியில், கூரை இல்லாத கோயிலில், சுண்ணாம்பு பூசிய பீடத்துக்கு முன்னால் சாமி சல்லடம் கட்டி நின்றது. தன் பீடத்தைத் தானே பார்த்துக்கொண்டு நிற்பது அதற்குக் கூச்சமாக இருந்தது தெரிந்தது. மேளம் எழுந்தது. வில்லுப்பாட்டுப் பூலம்மாள் வீசுகோலால் வில்லில் தட்டி, வழக்கப்படி, ஊற்றடி மாடன் பிறந்த கதையை எடுத்தாள். சாமி மெதுவாகக் கையை உயர்த்தி, நான் இங்கேதானே இருக்கிறேன் என்றது. மேளம் தடுமாறி நின்றது. அப்போதுதான் ஊருக்குத் தங்கள் பிழை புரிந்தது: யாரை அழைக்கிறோமோ அவன் கதையைத்தான் பாட வேண்டும், கொம்பையாவுக்குக் கதை இல்லை. கையிலாயத்தில் பிறக்கவில்லை, யாரையும் வதைக்கவில்லை, பத்தாம் வகுப்பில் தவறி, தொட்டி ஆபரேட்டர் ஆகி, தோள் வலியோடு இருந்தவன். பூலம்மாள் நாலு வரி கட்டிப் பார்த்தாள். அது எந்த ஊரில் எந்த மனுஷனுக்கும் பொருந்துவதாக இருந்தது. மேளக்காரர்கள் வெயிலில் வியர்வையைத் துடைத்தார்கள்.

“நீயே சொல்லு தாயி,” என்றாள் பூலம்மாள். “நீ சொல்லு, நான் பாட்டாக்கிக்கிடுதேன்.”

உலகம்மாள் வில்லுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கணவனைப் புகழ வேண்டும் என்று நினைத்துத்தான் வாயைத் திறந்தாள், ஆனால் புகழ்ச்சி எதுவும் கைவசம் இருக்கவில்லை. ஆகவே இருந்ததைச் சொன்னாள். குளியலறைக் கதவு பெயர்ந்து வருஷக்கணக்காகிறது, நாளைக்குப் போடுகிறேன், நாளைக்குப் போடுகிறேன் என்று சொன்னவரே, சாக்குப்படுதாவைக் கட்டிக்கொண்டு நானும் என் மகளும் குளித்தோமே என்றாள். பீடியை விட்டுவிட்டேன் என்று என் தலையில் அடித்துச் சொல்லிவிட்டு, தொட்டியடிக் குழியில் ஒளித்து வைத்தவரே, மழை பெய்து அது நனைந்தபோது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, எனக்குத் தெரியாதென்று நினைத்தவரே என்றாள். என் அப்பா செத்த அன்றைக்கு என்ன பேசுவதென்று தெரியாமல் சாவுவீட்டுப் பந்தலில் ஒரு ஓரமாக நின்று நாள் முழுக்கத் தண்ணீர் மொண்டு கொடுத்தவரே, பிரசவத்தில் நான் கத்தியபோது வெளியே ஓடிப்போய் வாந்தி எடுத்தவரே, என் ரசத்தில் புளி அதிகமென்று தினமும் சொல்லித் தினமும் இரண்டாம் முறை கேட்டு ஊற்றிக்கொண்டவரே, காலனி வால்வைப் பாதியில் நிறுத்திவிட்டு வந்த நாளெல்லாம் சோறு இறங்காமல் பிசைந்துகொண்டிருந்தவரே, பிசைந்தவர் ஒருநாளும் அதை முழுக்கத் திறக்காதவரே என்றாள். பூலம்மாள் பின்னாலேயே பாடினாள், குடம் அதிர்ந்தது, உடுக்கு அதிர்ந்தது, மேளம் ஏறியது, கூட்டம் முதலில் சிரித்தது, பிறகு சிரிப்பதை நிறுத்தியது. பெண்கள் தங்கள் தங்கள் வீட்டுக்காரர்களைத் திரும்பிப் பார்த்தார்கள். அசதியா இருக்குன்னு போனியளே, என்றாள் உலகம்மாள், எனக்கும் அசதியாத்தான் இருக்கு, எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியளா. வரவேண்டாம்னா வரவேண்டாம், கெஞ்சமாட்டேன், ஆனா இங்க ஒரு கதவு போட்டபாடில்லை, அதை வேற யாருகிட்டயும் சொல்ல எனக்கு இஷ்டமில்லை.

சாமியின் உடம்பு குலுங்கியது. கற்பூரம் காட்டினார்கள். சாமி உலகம்மாளைப் பார்த்து வலது தோளை ஒரு தடவை தடவிக்கொண்டது. பிறகு உடம்பு சரிந்தது.

நெடுநேரம் அது அசையவில்லை. தங்கப்பழம் நாடியைப் பார்க்கக் குனிந்தார். உலகம்மாள் அவரை விலக்கி, முகத்தில் தண்ணீர் தெளித்தாள், இன்னொரு முறை தெளித்தாள்.

கண் திறந்தது. வெயிலுக்குக் கூசி மூடித் திறந்தது.

“ஏளா,” என்றான் கொம்பையா. “சோடா இருக்கா?”

அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்து காலையிலேயே எடுத்து முந்தானையில் முடிந்து வைத்திருந்த பாட்டிலை அவள் உடைத்துக் கொடுத்தாள். அவன் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தான். “கேஸ் போயிட்டு,” என்றான். போன வருஷத்துச் சோடா என்று அவள் சொல்லவில்லை. கூட்டம் கலைந்து பந்திக்கு ஓடிய பிறகுதான் கேட்டாள்.

“அங்க எப்படி?”

“ஒரு கொறையும் இல்ல. வலி இல்ல, வேலை இல்ல.”

“பெறகு என்னத்துக்கு வந்திய?”

கொம்பையா பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “அங்க என்னைய யாருக்கும் தெரியல,” என்றான். “நீ வையுறது மட்டும் கேட்டுச்சு.”

மறுநாள் மாலை அவன் தொட்டியடிக்குப் போனபோது வடக்குத்தெரு அவனைச் சுற்றி நின்றது. தங்கப்பழம் அவன் முதுகில் தட்டி, எல்லாம் பழையபடி என்றார். கொம்பையா காலனியின் வால்வில் சாவியை மாட்டித் திருப்பினான். வழக்கமான பாதியில் கை நிற்கவில்லை. அது போய்க்கொண்டே இருந்தது. தலைவர் சத்தம் போட்டார். “நிறுத்தத்தான் பாக்கேன், தலைவரே,” என்றான் அவன், தன் கையைத் தானே வேடிக்கை பார்த்தபடி. “நிக்க மாட்டேங்கு.” அடுத்த நாளும் நிற்கவில்லை. ஒரு வருஷம் வேறொருவர் பழக்கிய கை. அதை நிறுத்த அவன் இரண்டாம் முறை முயன்றும் பார்க்கவில்லை. இப்போது அவனை மாற்றிவிட்டு வேறு ஆபரேட்டர் போடுவதைப் பற்றி ஊரில் பேச்சு நடக்கிறது. மாற்றிவிடுவார்கள் என்றுதான் தோன்றுகிறது. அதுவரை ஓடைக்கு அந்தப் பக்கம் பானைகள் நிறைகின்றன. குளியலறைக்குக் கதவு வந்துவிட்டது, கொண்டி இன்னும் வரவில்லை.

தோள் வலி மட்டும் அவனுக்குத் திரும்பி வரவில்லை. அந்தச் சித்திரையில் ஊற்றடி மாடனின் பீடம் வலது பக்கமாகச் சற்றுச் சரிந்திருப்பதைப் பூசாரி பார்த்தார். கொத்தனாரை அழைத்துச் சரிசெய்தார்கள். கொஞ்ச நாளில் அதே இடத்தில் அதே அளவு சரிந்தது. அடிமண் இளகியிருக்கும் என்றார்கள், தோண்டிப் பார்த்தால் பாறை. இன்னொரு முறை பூசினார்கள், இன்னொரு முறை சரிந்தது, அதன்பிறகு விட்டுவிட்டார்கள். அனந்தாழ்வானுக்குச் செய்தி போனால் அதையும் லீலை என்றுதான் சொல்வார்.

உலகம்மாள் பொழுது சாயும் நேரத்தில், பழக்கத்தில், எண்ணெயைச் சூடாக்கிவிட்டாள். எனக்குத்தான் வலி இல்லையே, ஏன் எண்ணெயை வீணாக்குகிறாய் என்று கொம்பையா கேட்டான். அவள் சூட்டோடு கிண்ணத்தை முந்தானையால் பிடித்துக்கொண்டு, செருப்பை மாட்டி, ஊற்றடிக்கு நடந்தாள். அங்கே யாரும் இல்லை. பீடத்தின் வலது பக்கத்தில், சரிந்த இடத்துக்குச் சற்றுக் கீழே, சுண்ணாம்பின்மேல் எண்ணெயைத் தடவிக் கட்டைவிரலால் அழுத்தினாள்.

“இங்கனயா,” என்று கேட்டாள், “இன்னும் கொஞ்சம் கீழயா?”